ஹிகா அங்கிளின் செருப்பு

“வாசல்ல செருப்பு கிடக்கு. அப்ப உள்ள ஆள் இருக்கு” என்று மூன்றாவது மாடி வராந்தாவில் அடம்பிடித்து நின்றார் மெடேரஸ். கரையான் மருந்து அடிக்க வந்த கூட்டத்துக்கு அவர்தான் மேஸ்திரி. எரிமலைக்கே தோள் கொடுக்கக்கூடிய உடம்பு; அன்றைக்கு ஒரு ஜோடி ரப்பர் செருப்பைத் தாண்ட மறுத்தது.

குடியிருப்பு மேனேஜர் ஹவுனானி வாய்விட்டுச் சிரித்தாள். “அண்ணே, அது ஹிகா அங்கிள் செருப்பு. மனுஷன் செத்து மூணு வருஷமாச்சு. வீட்ல ஆம்பளை இருக்கான்னு திருடன் நெனைச்சுக்கட்டும்னு ஆண்ட்டி அப்படியே வாசல்ல போட்டு வச்சிருக்காங்க.”

எங்கள் ஹிலோ ஊரில் செருப்பைக் கழற்றாமல் யாரும் வீட்டுக்குள் கால் வைப்பதில்லை. வீடு பற்றி எரிந்தாலும், தீயணைப்பு வீரர் பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் உள்ளே பாய்வார். அதனால் ஹவுனானிக்குக் கதவு தட்டும் வேலையே கிடையாது. யார் வீட்டில் இருக்கிறார்கள், யார் ஊருக்குப் போயிருக்கிறார்கள், யார் வீட்டில் யார் இருக்கக் கூடாதோ அவர் இருக்கிறார் என்பதெல்லாம் வாசல் செருப்பைப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

கீழே ஆட்கள் கட்டடத்தின் மேல் கோடுபோட்ட தார்ப்பாயை இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தார்கள். எங்கள் கரையான்கள் லேசுப்பட்டவை அல்ல. மாடிப்படிக் கைப்பிடியைத் தின்று ஏப்பம் விட்டு, இரண்டாவது மாடிக்காரரின் பியானோவில் பாதியையும் முடித்திருந்தன. இன்று விடப்போகும் புகை கரையான், பல்லி, மனிதன் என்று ஆள் பார்க்காது. மூச்சு விடுகிற எதையும் முடித்துவிடும். அதனால்தான் பூனை, கிளி, மீன்தொட்டி சகிதம் எல்லோரும் காலையிலேயே பூங்காவுக்குப் போய்விட்டோம்.

“கதவைத் திற தாயி. ஒரு தடவை எட்டிப் பாத்துட்டா என் மனசு ஆறும்” என்றார் மெடேரஸ்.

“சாத்தினாலே பூட்டிக்கிற கதவு. சாவிக்கொத்து என் தம்பிகிட்டல்ல இருக்கு!” ஹவுனானிக்கு மூக்கு சிவந்தது.

அவள் தம்பி கியோனிதான் எங்கள் தோட்டக்காரன், குழாய்க்காரன், சகலமும். விடிந்ததும் புல் வெட்டினான். பிறகு, வயசானவர்களுக்கு எட்டாத மேல் அலமாரிகளைப் புகை புகுகிற மாதிரி திறந்துவைத்துவிட்டு வரச் சொல்லி, அக்கா சாவியைக் கொடுத்து அனுப்பினாள். அதோடு ஆளைக் காணோம்.

“போன் போட்டுப் பாரேன்.”

“போன் ஆபீஸ்ல சார்ஜ் ஏறிக்கிட்டிருக்கு. துரை சேவல் சண்டைக்குப் போயிருப்பார். ஒருதரம் போற அவசரத்துல பல்செட்டையே மறந்துட்டுப் போன ஆளு அவன்.”

மெடேரஸ் குனிந்தார். “பச்சைப் புல்லு ஒட்டியிருக்கே இதுல?”

“ஹிலோ காத்து அண்ணே. கீழ புல்லு வெட்டினா, மேல என் காபில வந்து விழும்.”

“கொஞ்சம் முன்னாடி இந்தப் பக்கம் தொப்புன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு.”

“தேங்கா! எவன் தலையிலாவது விழறதுக்குள்ள எறக்குடான்னு அவன்கிட்ட எத்தனை நாளா கத்தறேன்! இன்னிக்கு வரட்டும், அவனைக் கொன்னே போடறேன்.”

மெடேரஸ் முஷ்டியால் கதவை இடித்தார். இடித்த இடியில் கரையான் விட்டுவைத்த மிச்சக் கட்டடமும் விழுந்திருக்க வேண்டும். “யாராவது இருக்கீங்களா?” என்று கடல் வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினார். பதில் இல்லை.

“செத்தவர் எழுந்து வந்து கதவைத் திறப்பாரா? மழை வர்றதுக்குள்ள வேலையை ஆரம்பிங்கண்ணே” என்றாள் ஹவுனானி.

அவர் அரைமனசோடு இறங்கினார். தார்ப்பாயின் விளிம்புகளைக் கிளிப் போட்டு இறுக்கினார்கள். புகைக் குழாய் திறந்தது. சர்க்கஸ் கூடாரம் போலக் கட்டடம் உப்பிக்கொண்டு நின்றது.

மத்தியானம் பூங்காவில், ஆலமரத்தடியில் எல்லோருக்கும் சோற்று உருண்டை விநியோகம். ஹவுனானி இரண்டு உருண்டைகளைத் தனியாகச் சுற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“அது யாருக்குடி?” என்றாள் ஹிகா ஆண்ட்டி, தன் துணிப்பையை அணைத்தபடி.

“அந்தத் தறுதலைக்குத்தான். பசியோட வந்து நிப்பான்” என்று சாலையைப் பார்த்தாள் ஹவுனானி. பிறகு சிரிப்பு வந்துவிட்டது. “ஆனாலும் ஆண்ட்டி, செத்தும் உங்க வீட்டுக்காரர் காவல் காக்கறார். வாசல்ல அவர் செருப்பைப் பாத்துட்டு மெடேரஸ் அண்ணன் நடுங்கிட்டாரு. வேலையையே ஆரம்பிக்க மாட்டேன்னுட்டாரு!”

ஆண்ட்டியின் நெற்றி சுருங்கியது. துணிப்பையைத் திறந்து, பழைய செய்தித்தாளில் பொதிந்திருந்ததை மெல்லப் பிரித்தாள். குதிகால் தேய்ந்த, தூசி படிந்த ஒரு ஜோடி ரப்பர் செருப்பு.

“அந்த விஷப் புகையில இதை விட்டுட்டு வருவேனாடி?”