பெட்டி சொன்ன நேரம்

"யாரை ஏமாத்துறீங்க, பாய்?"

ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸி மதலேனா நோட்டை மேசைமேல் போட்ட வேகத்தில் தேநீர் தளும்பியது.

ஜலாலுதீன் எழுந்தே நின்றுவிட்டார். சிங்கப்பூர் தேக்கா சந்தையில் முர்தபா ரொட்டி போடுகிறவர். வலதுகால் பெருவிரலில் கட்டு. இரண்டு வருடமாக ஆறாத சர்க்கரைப் புண்.

வெளிநாட்டிலிருந்து ஒரு புது மாத்திரை வந்திருந்தது. அதைச் சோதித்துப் பார்க்க நாற்பது நோயாளிகளைப் பொறுக்கியிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வர வேண்டாம். வீட்டிலேயே மாத்திரை, விரலைக் குத்திச் சர்க்கரை பார்க்க ஒரு சின்னப் பெட்டி, எழுதி வைக்க ஒரு நோட்டு. காலை ஏழு, பகல் ஒன்று, மாலை ஆறு. வாரம் ஒருமுறை மிஸ்ஸி வந்து பார்ப்பார். 1987ல் அதெல்லாம் பெரிய விஷயம்.

நோட்டில் ஒரு வேளைகூடத் தவறவில்லை. முத்து முத்தாக எழுதியிருந்தார் ஜலாலுதீன்.

"ஏழு மணி, ஒரு மணி, ஆறு மணி. ஸ்கூல் பிள்ளை மாதிரி அழகா எழுதியிருக்கீங்க. இப்ப இதப் பாருங்க."

மிஸ்ஸி பெட்டியின் பக்கவாட்டுப் பொத்தானை அமுக்கினார். கண்ணாடியில் எண்கள் ஒவ்வொன்றாக வந்தன. நாள், மணி, சர்க்கரை அளவு.

"ராத்திரி ஏழரை, பதினொண்ணு, விடியக்காலம் நாலே முக்கால். பகல்ல ஒண்ணுகூட இல்ல! எப்போ குத்தினீங்களோ அத்தனையும் உள்ள இருக்கு. தெரியாதுலா?"

தெரியாதுதான். ஜலாலுதீனுக்கு அதை யாரும் சொல்லவில்லை. சொன்னால் ஒழுங்காகக் குத்திவிடுவார்களே!

"அளவெல்லாம் சரியான அளவுதான் மிஸ்ஸி. நேரம் மட்டும்தான்..." ஜலாலுதீன் தடுமாறினார். "நோன்பு மாசம். பகல்ல ரத்தம் எடுத்தா நோன்பு முறிஞ்சிடுமோன்னு பயம். நோன்பு திறந்ததும் பார்ப்பேன், விடியுமுன்ன சஹர் சாப்பாட்டு நேரத்துல பார்ப்பேன். நோட்டுல அந்த நேரத்துக்குக் கட்டம் இல்ல. இருக்கிற கட்டத்துல எழுதிட்டேன்."

"மாத்திரை?"

"அதுவும் ராத்திரிதான்."

மிஸ்ஸிக்கு முகம் சிவந்துவிட்டது. கோபம் வராதா பின்னே? மருந்து எந்த நேரத்தில் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கத்தானே இத்தனை பாடு!

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பாத்திருக்கீங்க. நாங்களும் தவக்காலத்துல நோன்பு இருக்கோம். அதுக்காகப் பொய்யா எழுதுறோம்? நாளைக்கு இத நம்பி ஊரெல்லாம் மாத்திரை சாப்பிடும் பாய்! ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

ஜலாலுதீன் மனைவியைப் பார்த்தார். பதுருன்னிசா பெருநாள் பலகாரத் தட்டைக் கையில் வைத்தபடி அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். ஒன்றும் சொல்லாதே என்று அர்த்தம்.

"உங்க பேரை அடிச்சிடப் போறேன். மிச்ச மாத்திரையைக் கொடுங்க."

"மிஸ்ஸி!" ஜலாலுதீன் கட்டுப் போட்ட காலைக் காட்டினார். "இந்த ஒரு மாசத்துலதான் புண்ணு காய ஆரம்பிச்சிருக்கு. விரலை எடுக்கணும்னு சொல்லியிருந்தாங்க. கால் போனா அடுப்பு முன்னாடி எப்படி நிப்பேன்? நோன்பு முடிஞ்சிடுச்சு. இனிமே சொன்ன நேரத்துக்குச் செய்றேன்."

"நான் என்ன செய்ய? பெட்டி பொய் சொல்லாது. அப்படியே டாக்டர் கையில கொடுத்துடுவேன்."

மிஸ்ஸி பையிலிருந்து காகிதங்களை எடுத்து மேசையில் அடுக்கினார். நோட்டு, மாத்திரைக் கணக்கு, தன்னுடைய வாராந்தரப் படிவம். எல்லாவற்றையும் சேர்த்துக் கிளிப் போடப் போனார்.

பதுருன்னிசா பலகாரத் தட்டைக் கீழே வைத்துவிட்டு மேசைக்கு வந்தாள். படிவத்தையே பார்த்தாள். நான்கு தேதி. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எண். எண்ணுக்குப் பக்கத்தில் அவள் புருஷனின் கையெழுத்து.

"இது என்ன மிஸ்ஸி?"

"என் வேலை. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வந்து, இதே பெட்டியில நானே டெஸ்ட் பண்ணி எழுதணும்."

"முதல் நாளே நாலு கையெழுத்து வாங்கினீங்களே, இதுக்கா?"

மிஸ்ஸியின் கை கிளிப்போடு அப்படியே நின்றது.

"பதுரு, விடு" என்றார் ஜலாலுதீன்.

"ரெண்டாவது வாரம் இவுக பட்டப்பகல்ல மயங்கி விழுந்தாக. சீனித் தண்ணி கொடுத்து எழுப்பினேன். ஆஸ்பத்திரிக்கு போன் அடிச்சா இங்கிலீஷ்ல பேசுறாங்க. மிஸ்ஸி வருவாங்க, நோன்புக்கு நேரத்த மாத்திக்கலாமான்னு கேப்போம்னு லிஃப்ட் வாசல்ல போய் நின்னேன். நாலு வெள்ளியும் நின்னேன்."

மிஸ்ஸி படிவத்தைச் சட்டென்று இழுக்கப் பார்த்தார். அதன்மேல் பதுருன்னிசாவின் விரல் அழுத்தமாக இருந்தது. மற்றக் கையால் பெட்டியை மிஸ்ஸியின் பக்கம் நகர்த்தினாள்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது, நம்பர் தெரியும். நீங்க எழுதியிருக்கிற இந்த நாலு நம்பரையும் இதுல காட்டுங்க மிஸ்ஸி. பெட்டி பொய் சொல்லாதுலா?"