ஆறாத நீர்

கொதிக்கவைத்து இறக்கிய நீர் எப்படி ஆறுகிறது என்பதை மெர்லின் சோதனைக்கு முன்பே ரெக்கார்டு நோட்டில் எழுதிவிட்டாள்: எண்பது, எழுபத்து நான்கு, அறுபத்தெட்டு. சீனியர் நோட்டைப் பார்த்து எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள். ஒப்புக்குத்தான் குமரகுரு பீக்கருக்குள் தெர்மாமீட்டரைப் பிடித்திருந்தான். “எண்பத்தி ரெண்டு” என்றான். “விளையாடாதடா” என்றாள். “எண்பத்தஞ்சு.” அடுப்பு எப்போதோ அணைந்திருந்தது. சித்திரை வெயிலில் ஆய்வகம் தகித்தது. அவன் மூச்சு மட்டும் மார்கழிக் காலைபோல் புகைந்தது. “கையை எடுடா!” “வரல, மெர்லின்.” பிடித்து இழுத்தாள். விரல்கள் ஐஸ்கட்டியாய் இருந்தன. உதடு நீலம் பாரித்தது. “சார்!” என்று கத்தினாள். சார் வந்து முதலில் நோட்டைத்தான் பார்த்தார். “சரியாத்தானேம்மா ஆறியிருக்கு” என்று கையெழுத்துப் போட்டார். பீக்கரில் நீர் தளதளவென்று கொதித்தது. குமரகுரு அடுத்த ரீடிங்கைச் சொல்லவில்லை.