செவலை நாய்

"நாய்க்கடி! நாய்க்கடி யாருங்க?"

துடியலூரில் டாக்டர் சாஜிதா பேகத்தின் கிளினிக். கூப்பிட்டது சிஸ்டர் கோமளா. அவருக்கு ஆட்களின் பெயரெல்லாம் வேண்டாம். 'காய்ச்சல் உள்ள வாங்க, சீதபேதி கொஞ்சம் தள்ளி உக்காருங்க' என்பதுதான் அவர் பாஷை.

கிருபாசங்கர் கையைத் தூக்கினான்.

"உள்ள ஆளிருக்குதுங்க. அடுத்தது நீங்கதான்."

பக்கத்தில் இருந்த நந்திதாவுக்குச் சுருக்கென்றது. எம்.ஏ.வில் அவனோடு படிப்பவள், துணைக்கு வந்திருந்தாள். விவாதம் என்றால் அவளுக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

"உன்னை எந்த நாய்டா கடிச்சுது?"

"மெதுவாப் பேசு. இங்க நாய்க்கடி ஊசியே கிடையாது. நிஜமாக் கடிபட்டவங்களை வாசல்லயே ஜி.எச்.சுக்கு அனுப்பிருவாங்க. நாய்க்கடின்னா என்னை மாதிரி ஆளுன்னு டாக்டரம்மாவுக்கு அடையாளம்."

அவனை மாதிரி என்றால், பையனை நேசிக்கும் பையன். வகுப்பில் நந்திதாவுக்கு மட்டும் தெரியும்.

உடம்பில் வந்த புண்ணைக் காட்டக் குடும்ப டாக்டரிடம்தான் முதலில் போனான். "எந்தப் பொண்ணுகிட்டப் போனே?" என்று அவர் கேட்டார். பொண்ணே இல்லை டாக்டர் என்று எப்படிச் சொல்வது? மருந்து வாங்காமலே திரும்பிவிட்டான். விஷயம் வீட்டுக்குப் போனால் படிப்பு நிற்கும். ஆவணியில் கல்யாணம் நடக்கும்.

"உன் காதலுக்குப் பேரு நாய்க்கடியா?" நந்திதா பல்லைக் கடித்தாள். "வயித்துவலிக்கு வர்றவன் வயித்துவலின்னு சொல்றான். நீ மட்டும் எதுக்குப் பொய் சொல்லணும்? இதை இன்னைக்கு ஒத்துக்கிட்டா நாளைக்கு..."

"நந்து, இதை மேடையில பேசு தாயே."

"ஏனுங்க தம்பி!"

எதிர் பெஞ்சில் வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் செய்தித்தாளை மடித்தார்.

"கோவிந்தராஜுலு பையன்தானுங்களே? நான் அழகிரிசாமி. உங்கப்பா மில்லுக்குப் பஞ்சு போடறவனுங்க."

கிருபாசங்கருக்கு வேர்த்தது.

"என்ன நாயிங்க தம்பி?"

"கருப்பு... வெள்ளைங்க."

"வளத்த நாயா, தெரு நாயா?"

"வளத்த தெரு நாயிங்க."

"எந்தக் காலுங்க?"

இடது காலைக் காட்டினான். மூட்டுவலிக்கு வந்திருந்த சுப்பாத்தாள், "எங்க, காயத்தைக் காட்டு கண்ணு" என்று குனிந்தார். அவன் சட்டென்று வலது காலை இழுத்துக்கொண்டான்.

"நாய் உசுரோட இருக்குதா, பாத்தீங்களா?" என்றது காய்ச்சல்.

"மொளகாயை அரைச்சு அப்போணும்" என்றது சீதபேதி.

நந்திதா எழுந்துவிட்டாள். "ஏனுங்க, ஒரு மனுசனை நிம்மதியா வைத்தியம் பாக்க விடமாட்டீங்களா? அவருக்குன்னு அந்தரங்கம் எதுவும் கிடையாதுங்களா?"

ஹாலில் எல்லாத் தலையும் திரும்பியது.

"நாய்க்கடியில என்ன அம்மணி அந்தரங்கம்?" என்றார் சுப்பாத்தாள்.

"எங்க கடிச்சுதோ என்னமோ!" என்றது காய்ச்சல். எல்லோரும் சிரித்தார்கள்.

சுப்பாத்தாள் சிரிக்கவில்லை. "நெறம் மாறுது, காலு மாறுது. இதுல என்னமோ இருக்குதுங்க. கோவிந்தராஜுலு சம்சாரம் பங்காரம்மா நம்ம வீதிதான். வெளிய ஒரு ரூபா போன் இருக்குது. பெத்தவளையே கேட்டுப்போடறேன்." முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசைத் தேடினார்.

கிருபாசங்கரின் முகம் வெளிறிவிட்டது. நந்திதா நாக்கைக் கடித்துக்கொண்டாள். பேச்சுப் போட்டிகளில் அலமாரி நிறையக் கோப்பை வாங்கிய வாய்தான் இப்படி மாட்டிவிட்டது.

"உக்காருங்க அக்கா." அழகிரிசாமிதான். "செவலை நாயுங்க அது. மேட்டுப்பாளையம் ரோட்டுல, பஸ் ஸ்டாப்புக்கிட்டத் தம்பி மேல பாஞ்சுது. எங்கண்ணால பாத்தனுங்க."

"பாத்தவரு அப்புறம் எதுக்குங்க தம்பிகிட்டக் கேட்டீங்க?"

"கடிபட்டதுல புத்தி கித்தி தடுமாறுதான்னு பாத்தனுங்க. தடுமாறுது, நீங்களே பாத்தீங்களே! பங்காரம்மாவுக்கு வேற பிரஷருங்க. போன்ல நாய்க்கடின்னு சொல்லி அவங்களுக்கு ஒண்ணு ஆகிப்போச்சுன்னா யாருங்க பதில் சொல்றது?"

"அய்யோ, அந்தப் பாவம் எனக்கெதுக்குங்க!" காசு மறுபடி முந்தானைக்குள் போனது.

"நாய்க்கடி உள்ள வாங்க!"

கிருபாசங்கர் ஓடினான்.

நந்திதா எழுந்து போய் அழகிரிசாமி பக்கத்தில் உட்கார்ந்தாள். தோற்ற கோபம் இன்னும் போகவில்லை.

"இல்லாத நாயை எப்படிங்க பாத்தீங்க? பொய் சாட்சி தப்பில்லீங்களா?"

"தப்புதான் அம்மணி." குரலைத் தாழ்த்தினார். "ஆனா இங்க வர்றவங்க நெறம், காலு, எடம் எல்லாம் ஊட்லயே யோசிச்சு வெச்சுட்டு வரோணும். அதான் கேட்டுப் பாத்தனுங்க. தம்பி ஒண்ணுத்துக்கும் உருப்படியா பதில் சொல்லலை."

அவள் அடுத்த கேள்வியைத் தயார் செய்வதற்குள் கதவு திறந்தது. கிருபாசங்கர் கையில் மருந்தோடும், பல வாரமாகக் காணாத சிரிப்போடும் வந்தான். பின்னாலேயே சிஸ்டர் தலையை நீட்டினார்.

"அடுத்த நாய்க்கடி யாருங்க?"

"வாரேனுங்க" என்று அழகிரிசாமி எழுந்தார்.

நந்திதா வாயைப் பிளந்தாள்.

"ஏனுங்க, உங்களையுமா?" சுப்பாத்தாள் கண்ணைச் சுருக்கினார். "உங்களை என்ன நாயிங்க கடிச்சுது?"

அழகிரிசாமி முதல் முறையாகத் தடுமாறினார். வீட்டிலேயே யோசித்து வைத்திருந்த நாயைத்தான் தம்பிக்குக் கொடுத்துவிட்டாரே!

"அதே செவலைதானுங்க," என்றாள் நந்திதா, ஹால் முழுக்கக் கேட்கும்படி. "நானும் பாத்தனுங்க."