முதலாளி பேசுகிறேன்

வேலை கேட்டுப் போன பெட்டி கம்பெனியில், மேலாளர் அம்மா என் பயோடேட்டாவில் இருந்த எண்ணை அழுத்தி, போனை மேசை நடுவில் வைத்து, ஸ்பீக்கரைப் போட்டார்.

"பழைய முதலாளிகிட்ட ரெண்டு வார்த்தை பேசிடறேன். தப்பா நினைச்சுக்காதீங்க."

தப்பாக நினைக்க எனக்கு என்ன யோக்கியதை? அந்தப் பழைய முதலாளியே நான்தான்.

பதினோரு வருஷம் அட்டைப்பெட்டி கம்பெனி நடத்தினேன். ஆறு பேர் வேலை பார்த்தார்கள். போன வருஷம் இழுத்து மூடினேன்.

வேலை தேடுவோருக்கு உதவும் மையத்தில் இருந்த பெண் என் பயோடேட்டாவைப் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கினாள். நேற்றுவரை முதலாளியாக இருந்தவரை யாரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள், எங்கே நம்மையே அதிகாரம் பண்ணுவாரோ என்று பயப்படுவார்கள் என்றாள்.

வீட்டுக்கு வந்து 'உரிமையாளர்' என்பதை அடித்துவிட்டு 'சூப்பர்வைசர்' என்று எழுதினேன். "யாரைக் கேட்டு உங்களை நீங்களே கீழ எறக்கிக்கிட்டீங்க?" என்று மனைவி கிண்டலடித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதலாளியாகப் பேச ஓர் ஆள் வேண்டுமே. என்னிடம் மெஷின் ஓட்டிய ஒல்லியைக் கேட்டேன். கம்பெனி மூடிய நாளிலிருந்து அவனும் சும்மாதான் இருந்தான். மறுபேச்சு பேசாமல் சரி என்றான்.

"ஹலோ, யாரு பேசறது?"

ஒல்லிதான். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கொஞ்சம் கெத்தாக. அவன் பேசுவது என்னைப் போல என்று புரிய ஒரு நொடி ஆயிற்று. காதெல்லாம் சூடாகிவிட்டது.

மேலாளர் அம்மா என்னைப் பற்றி விசாரித்தார்.

நேரத்துக்கு வந்துவிடுவார் என்றான். ஒரு பெட்டி கோணலாகப் போனாலும் அவருக்கு மனசு கேட்காது என்றான். ஆட்கள் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் அவரே மெஷினில் நிற்பார் என்றான். பாதி நிஜம். மீதி அவன் பெருந்தன்மை.

"அப்புறம் ஏன் கம்பெனி நின்னுபோச்சு?"

இதற்குப் பதில் பேசி வைத்திருந்தோம். மார்க்கெட் படுத்துவிட்டது என்று சொல்லச் சொல்லியிருந்தேன்.

அவன் அதைச் சொல்லவில்லை. மெதுவாக வேறொன்றைச் சொன்னான்.

"தப்பு என்னோடதுதாம்மா. பசையே இல்லாம, மடிச்சாலே நிக்கிற பெட்டி ஒண்ணை ஒருத்தர் செஞ்சு எடுத்துட்டு வந்தாரு. எல்லார் முன்னாடியும் சிரிச்சுட்டேன். சொன்னதைச் செய், யோசிக்கிறது என் வேலைன்னுட்டேன். ஆறே மாசம்... எங்க பாத்தாலும் அந்த மாதிரிப் பெட்டிதான். எங்ககிட்ட வாங்க ஆள் இல்ல."

குரலில் கோபம் இல்லை. குத்திக்காட்டுவது போலவும் இல்லை. முதலாளி என்றால் உண்மையைச் சொல்லித்தான் ஆகவேண்டும் என்று நினைத்துக்கொண்டான் போல. யாரிடமும் நான் ஒப்புக்கொள்ளாததை என் இடத்தில் உட்கார்ந்து அவன் ஒப்புக்கொண்டான்.

மேலாளர் அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் புதிதாக ஒரு மரியாதை.

"அந்தப் பெட்டியைச் செஞ்சது இவர்தானா?"

நானில்லை. இதைச் சொல்ல எவ்வளவு நேரமாகும்? மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

செய்தவன் போனில் மூச்சு விடுவது கேட்டது. மூன்று ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே உட்கார்ந்து, கழித்துப் போட்ட அட்டைகளை வெட்டி வெட்டிச் செய்தான் என்று அவன் பெண்டாட்டி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"ஆமாம்மா. அவரேதான்."

நான் வாயைத் திறந்தேன். வெளியே வந்தது "தேங்க்ஸ் மேடம்" மட்டும்தான்.

புதுப் பெட்டிகளை வடிவமைக்கும் பிரிவிலேயே என்னைப் போட்டார்கள். திங்கட்கிழமை வரச் சொன்னார்கள்.

கேட்டைத் தாண்டியதும் போன் அடித்தது.

"கெடைச்சுதா முதலாளி?"

"கெடைச்சுது."

"அப்பாடா. என்னமோ உளறிட்டேன், காரியத்தைக் கெடுத்துட்டேனோன்னு பயந்தே போயிட்டேன்." கொஞ்சம் தயங்கினான். "மெஷினுக்கு ஆள் எடுக்கறாங்களான்னு... கேட்டுப் பாத்தீங்களா?"

"கேட்டேம்ப்பா. இப்போதைக்கு யாரையும் எடுக்கலையாம்."

"பரவால்ல முதலாளி. நீங்க சேந்துட்டீங்கல்ல, அது போதும்."

அவன் வைத்த பிறகும் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றேன். மெஷின் ஓட்ட நாலு பேர் உடனே தேவை என்று கேட்டில் பெரிய எழுத்தில் எழுதி மாட்டியிருந்தார்கள். அதற்கு முதுகைக் காட்டியபடிதான் அவ்வளவும் பேசினேன்.