சொந்த வாயால்

இரண்டு உலகப் போர்களையும் ஒற்றை ஆளாக நடத்தி முடித்தவர்போலப் போதகர் களைத்திருந்தார். இரவெல்லாம் அழுகை. விடிந்ததும் ஈரத்துணி மாற்றல். இப்போது ஊட்டிய கஞ்சியில் முக்கால்வாசி அவர் சட்டையில்.

"பாப்பாவுக்கு ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானம் குடுத்துடுங்கப்பா." மகள் ஆயிரமாவது முறையாகக் கெஞ்சினாள்.

"விசுவாசத்தைச் சொந்த வாயால சொல்லணும்மா. சொல்லத் தெரியாதவங்களுக்குக் கர்த்தரோட உடன்படிக்கையில இடமில்லை."

"அப்ப தாத்தாவுக்கு?"

கரண்டி அந்தரத்தில் நின்றது. ஆயுசு முழுக்கப் பிரசங்கம் செய்த அவருடைய அப்பா, இயேசுவின் பெயரைக்கூட மறந்துபோய், அடுத்த வாய்க் கஞ்சிக்காக ஆவென்று காத்திருந்தார்.

"அவரு நம்மவரும்மா."

"பாப்பா மட்டும் பக்கத்து வீட்டுப் புள்ளையா?"

போதகர் அப்பாவின் வாயைத் துடைத்துவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை தண்ணிய வெதுவெதுன்னு கொண்டா. இன்னொரு அழுகைய என்னால தாங்க முடியாது."