ஆறாவது பொன்னாடை

சென்ட் லோரன்ட் மண்டபத்து ஜன்னல்களுக்கு வெளியே பனியில் பட்ட வெயில் கண்ணைக் கூசவைக்கிறது. வர்த்தகர் சங்கத் தலைவர் சிவராசா, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாழ்த்துரையை வாசித்து முடித்து, கார்ட்டூன் படம் செய்யும் பிரியந்திக்குப் பொன்னாடை போர்த்துகிறார். "எங்கட பிள்ளை, எங்கட பெருமை!" கைதட்டல் முழங்குகிறது. சரிகை அவள் கழுத்தை அராவுகிறது. அதை உருவி, மடித்து, மேசையில் வைக்கிறாள். அதன்மேல் வங்கிப் படிவமொன்றை விரித்துப் பேனையை நீட்டுகிறாள். மைக் இன்னும் அணையவில்லை.

"இது ஆறாவது பொன்னாடை, அண்ணை. ஸ்டூடியோ தொடங்கிற கடனுக்கு ஆள்பிணை கேட்டு உங்கட கடைக்கு நாலு தரம் வந்தனான். பேந்து பாப்பம் எண்டீங்கள். படிவம் குடுக்க நாளைக்குக் கடைசி நாள். இதைப் போர்த்திக்கொண்டு போனா வங்கிக்காரன் கடன் தருவானோ? நான் பெருமையெண்டா ஒரு கையெழுத்து வையுங்கோ."

தட்டிய கைகளெல்லாம் மடிக்குள் ஒளிகின்றன. முன்வரிசை முதலாளிமார் ஆளுக்கொரு போனைக் குனிந்து பார்க்கிறார்கள். சிவராசா படிவத்தைப் பார்க்கிறார், சட்டைப்பையைத் தடவுகிறார்.

"கண்ணாடி கொண்டுவரேல்லை, பிள்ளை."

கண்ணாடி அவர் மூக்கிலேயே இருக்கிறது.

"அண்ணை, இஞ்சால பாருங்கோ," என்கிறார் விழாவைப் புகைப்படம் எடுப்பவர். சிவராசா உடனே திரும்பிச் சிரிக்கிறார். பேனை அவள் நீட்டிய கையிலேயே இருக்கிறது.