நான்காவது சிலிண்டர்

டமார் என்ற வெடிச்சத்தத்தோடு தாராவிப் பட்டறை வாசலில் டாக்ஸி வந்து நின்றது. ஓட்டி வந்தவன் மெக்கானிக் சொரிமுத்துவின் அண்ணன் இசக்கிப்பாண்டி.

“ஏலே டாக்டரு, வண்டி மிஸ்ஸிங் அடிக்கு. ஜல்தி பாரு!”

ஸ்டெதாஸ்கோப்பின் முனையில் இரும்புக் கம்பியைப் பொருத்தி, எஞ்சினில் வைத்துக் கேட்டே பழுதைக் கண்டுபிடிப்பான் சொரிமுத்து. மூன்று சிலிண்டர்கள் சரியாக ஓடின. நான்காவதில் ஒரு பெண் இருமினாள். மூன்று இருமல், ஒரு செருமல். அது அவன் மனைவி பேராச்சியின் இருமல்.

பத்து நாளைக்கு முன் இதே டாக்ஸியில் கூட்டிப்போய், அவளை ஊருக்கு ரயிலேற்றிவிட்டதாக அண்ணன் சொல்லியிருந்தான். இன்னும் கடிதம் வரவில்லை.

சொரிமுத்து எஞ்சினை அணைத்தான். இருமல் நிற்கவில்லை. குழாயைக் காதிலிருந்து கழற்றினான்.

என்ன பழுது என்று அண்ணன் கேட்கவில்லை. தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன், மெதுவாகக் கேட்டான்.

“அவ இன்னுமா இருமுதா?”